இரண்டு கம்பி வளைந்த குடை

என் கார் டிக்கியில் ஒரு கறுப்புக் குடை கிடக்கிறது. ஸ்டெப்னிக்கும் ஒரு ஜோடி பழைய செருப்புக்கும் நடுவில், இரண்டு வருடமாக அங்கேயேதான் கிடக்கிறது. நேற்று வரை நான் அதை விரித்ததே இல்லை. மழை கொட்டியபோதும் தலையில் கைப்பையை வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறேனே தவிர, டிக்கியைத் திறந்து அதை எடுக்கக் கை வரவில்லை. அதன் எட்டுக் கம்பிகளில் இரண்டு வளைந்திருக்கின்றன. ஒரு வளைவில் சாம்பல் நிற பனியன் துணியைக் கிழித்துச் சுற்றிக் கட்டியிருக்கிறது. கட்டியவர் இருபது வருடம் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து தைத்தவர். அந்த முடிச்சு இன்று வரை நழுவவில்லை. இன்னொரு கம்பி நேற்று மத்தியானம் வளைந்தது. அதற்கு இன்னும் கட்டுப் போடவில்லை. குடை என்னுடையது அல்ல. நாளை ஞாயிற்றுக்கிழமை, கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் நடந்ததை எழுதிவிடுவது நல்லது. என்னை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு வாரம் போனால் எனக்கு வசதியான மாதிரி கதையை மாற்றிக்கொள்வேன்.

குடைக்குச் சொந்தக்காரரை நான் அக்கா என்று கூப்பிட்டேன். எங்கள் அசெம்பிளி லைனில் எல்லாருமே அப்படித்தான் கூப்பிட்டார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவிநாசிபாளையத்திலிருந்து காலை பஸ்ஸில் நின்றுகொண்டே திருப்பூர் வருவார். உயிரோடு, இங்கிருந்து அரைமணிப் பயணத்தில் இருக்கிற ஒருவரைப் பற்றி 'வருவார், இருந்தார்' என்று முடிந்துபோன மாதிரி எழுதுவது எனக்கே ஒரு மாதிரியாக இருக்கிறது. ஆனால் லைனில் நான் பார்த்த அந்த அக்கா முடிந்துபோய்விட்டார். முடித்துவைத்தது நான்தான்.

நான் மடத்துக்குளம் பக்கம் தென்னந்தோப்புக்காரர் வீட்டுப் பெண். எலெக்ட்ரானிக்ஸ் படித்து, பெங்களூரில் ஏழெட்டு வருடம் ஆன்டெனா வேலை பார்த்து, கல்யாணத்தின் பேரில் திருப்பூர் வந்து சேர்ந்தேன். சாயமும் பனியனும் தவிர இந்த ஊரில் என்ன இருக்கிறது, என் படிப்பு மண்ணாய்ப் போச்சு என்று வீட்டில் தினமும் ஒரு பாட்டம் கத்துவேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்த நேரத்தில்தான் ஒரு பனியன் ஏற்றுமதி முதலாளி, ஆர்டர் குறைந்து பூட்டிக்கிடந்த தன் யூனிட் ஒன்றில் எலெக்ட்ரானிக்ஸ் அசெம்பிளி ஆரம்பித்தார். பெங்களூர்க் கம்பெனி ஒன்று, டவர் எட்டாத மலைப்பக்கம் போகிற ஆஸ்பத்திரி வேன்களுக்கு ஆன்டெனா கேட்டது. வேன் எந்த வளைவில் திரும்பினாலும் அதன் கூரையில் இருக்கிற டிஷ் செயற்கைக்கோளை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. இதுதான் வேலை. என்னைக் கூப்பிட்டார். கூடவே பதினாறு பெண்களைக் கொடுத்தார். எல்லாரும் டெய்லர்கள், தைத்ததைச் சரிபார்க்கிற செக்கிங் பெண்கள். நுணுக்கமான கைகள். சால்டரிங் அயர்ன் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த பத்தாவது நாள் என்னைவிடச் சுத்தமாகப் பற்றவைத்தார்கள்.

டிஷ்ஷைத் திருப்ப மோட்டார் வைப்பது பழைய வழி. மலைப்பாதைக் குலுக்கலில் மோட்டாரின் பல்சக்கரம் தேய்ந்துவிடும். நாங்கள் செய்தது வேறு. டிஷ் அசையாது. அதன் முகத்துக்கு எதிரே இரண்டு சின்ன போர்டுகள், இடதுபக்கம் ஒன்று, வலதுபக்கம் ஒன்று. ஒவ்வொன்றிலும் வரிசையாக எட்டுச் சின்ன ஆன்டெனாக்கள். ஒன்றுக்கு அடுத்து ஒன்றாக, துளித் துளி தாமதித்து அவற்றுக்குச் சிக்னல் கொடுத்தால், டிஷ் நகராமலேயே அதன் பார்வை சாய்ந்து திரும்பும். பள்ளிக்கூட விளையாட்டு விழா அணிவகுப்பைப் பார்த்திருப்பீர்கள். வரிசை திரும்பும்போது ஓரத்துப் பிள்ளை நின்ற இடத்திலேயே கால் மாற்றும், மறு ஓரத்துப் பிள்ளை எட்டி நடை போடும், நடுவில் இருப்பவர்கள் அதற்கேற்ற மாதிரி. வரிசை உடையாமல் புதுத் திசையைப் பார்க்கும். அவ்வளவுதான் விஷயம். யார் முன்னால், யார் பின்னால் என்கிற வரிசை நம்பர் மட்டும் மாறக் கூடாது. அந்த நம்பரை ஒட்டுவது அக்காவின் வேலை. கட்டிங் முடிந்த பனியன் துண்டுகளுக்கு ஒட்டுகிற அதே மஞ்சள் ஸ்டிக்கரைத்தான் போர்டிலும் ஒட்டினார்.

அக்காவுக்கு அந்த லைன் வெறும் வேலை இல்லை. இருபது வருடத்துப் பஞ்சு அவர் நெஞ்சில் ஏறி வீசிங் வந்துவிட்டது. இனிமேல் பஞ்சு பறக்கிற இடத்தில் கால் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். திருப்பூரில் பஞ்சு பறக்காத கம்பெனிக்கு எங்கே போவது? எங்கள் யூனிட் அப்படி அமைந்தது. தரையைத் துடைத்து, செருப்பைக் கழற்றி உள்ளே வருகிற இடம். வந்த புதிதில் மாடிப்படி ஏறி வந்ததும் சுவரைப் பிடித்து நின்று, ஜாக்கெட்டிலிருந்து நீல நிற இன்ஹேலரை எடுத்து இரண்டு தடவை இழுப்பார். பிறகு அது ஸ்டிக்கர் வைக்கிற டிராயருக்குள் போனது. ஒருநாள் டிராயரைத் திறந்து காட்டினார். “ஆறு மாசமாச்சுங்க மேடம், இதத் தொட்டு. ராத்திரி படுத்தாத் தூக்கம் வருதுங்க.” லாட்டரி விழுந்தவர் முகம் அப்படித்தான் இருக்கும். அந்த முகத்தை நான் பார்த்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழி இல்லை.

அந்தப் பெண்களுக்குப் புரிகிற மாதிரி பேசுகிறேன் என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது. அதில்தான் விழுந்தேன். முதல் ஆன்டெனாவுக்கு நான் வரைந்த படத்தில் இடது போர்டு மட்டும்தான் இருந்தது. நேரம் இல்லை, மற்றதும் இதே போல என்று ஓரத்தில் கிறுக்கியிருந்தேன். ஒரு போர்டின் கேபிளை இன்னொன்றில் மாற்றி மாட்டிவிடக் கூடாதே என்பதற்காக லைனில் நின்று சொன்னேன்: “டி-ஷர்ட்டுக்கு ரெண்டு கை தைக்கிறீங்கல்ல, அந்த மாதிரிதான். இது இடது கை, அது வலது கை. மாத்தித் தெச்சா என்னாகும்? அதே கதைதான் இங்கயும்.” எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் என் சாமர்த்தியம் பிடித்திருந்தது. தைக்கிறவர்களுக்குத்தான் தெரியும், டி-ஷர்ட்டின் இரண்டு கைகளும் ஒரே மாதிரி இருக்காது. கண்ணாடியில் பார்ப்பதுபோல் ஒன்றுக்கொன்று எதிராக இருக்கும். ஒரே மாதிரி இரண்டு வெட்டிவிட்டால் கட்டிங் மாஸ்டர் அன்றைக்குச் சாப்பிட மாட்டார். என் போர்டுகளோ ஒரே மாதிரிதான் இருக்க வேண்டும். இரண்டிலும் நம்பர் இடமிருந்து வலமாக ஓட வேண்டும்.

அக்காவுக்குச் சந்தேகம் வந்தது. கையில் எடுத்த வேலையைக் கேட்காமல் செய்கிறவர் இல்லை. நான் அன்றைக்கு ஏதோ பாகம் வாங்கக் கோயம்புத்தூரில் ஒரு கடையில் நின்று, கடைக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். போன் வந்தது. “ஏனுங்க மேடம், அப்ப ரெண்டு போர்டுலயும் ஒண்ணாம் நம்பர் வெளிப்பக்கம் வரோணுங்களா? வெளிய இருந்து உள்ளுக்கு ஒட்டட்டுங்களா?” நான் முழுசாகக் காதில் வாங்கவில்லை. “கை மாதிரின்னு சொன்னேன்ல அக்கா. எத்தன தடவ சொல்றது? அப்படியே ஒட்டுங்க” என்று வெட்டிவிட்டேன். “சரிங்க மேடம்” என்றார். வயர் போட்ட பெண்கள் ஸ்டிக்கரைப் பார்த்துத்தானே வயர் போடுவார்கள், அப்படியே போட்டார்கள். அரை நிமிடம்கூட ஆகாத பேச்சு.

யூனிட்டுக்குள் வைத்துப் பார்த்தபோது எல்லாம் கன கச்சிதமாக இருந்தது. காரணம், நேராகப் பார்க்கும்போது எந்த ஆன்டெனாவுக்கும் தாமதம் கிடையாது. வரிசை நேராக நிற்கிற வரைக்கும் யார் எந்த நம்பர் என்றால் என்ன? திரும்பும்போதுதான் தெரியும். திரும்ப வைத்துச் சோதிக்க ஒருநாள் ஆகும். முதலாளி பெங்களூர்க்காரர்களுக்குத் தேதி சொல்லிவிட்டார் என்று அந்தச் சோதனையை நான் தாண்டிவிட்டேன். அதற்கும் அக்கா பொறுப்பில்லை.

சோதனை அமராவதி நகர்ப் பக்கம் ஒரு வெறும் பொட்டலில். ஆடி மாதம். எங்கள் பக்கத்து ஆடிக் காற்றை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். தென்னை மட்டைகள் எல்லாம் கிழக்கே பார்த்துச் சீவிவிட்ட மாதிரி நிற்கும், உடுமலை வழி நெடுகக் காற்றாலைகள் நிற்காமல் சுற்றும், வாயைத் திறந்தால் மண் போகும். முதலாளி வந்திருந்தார். பெங்களூர்க் கம்பெனியின் பெரியவர் வந்திருந்தார், நரைத்த தாடி, அதிகம் பேசாதவர். வேன் டிரைவர், நான், அக்கா. வழியில் ஏதாவது வயர் விட்டுப்போனால் பற்றவைக்க ஆள் வேண்டும் என்று அக்காவை என் காரில் கூட்டிப்போனேன். அவருக்கு அது திருவிழா. காரில் வரும்போது கேட்டார், “நாம ஒட்டுனது அவ்வளவு தூரத்துல இருக்கறதப் பாக்குமுங்களா மேடம்?” பார்க்கும் என்றேன். அதற்கப்புறம் உடுமலை வரை ஜன்னல் வழியாக மேலேயே பார்த்துக்கொண்டு வந்தார்.

உச்சி வெயில். லேப்டாப் திரையில் ஒன்றும் தெரியவில்லை. அக்கா தன் குடையை விரித்து எனக்கும் திரைக்கும் சேர்த்து நிழல் பிடித்தார். ஒரு கையால் முடியாது, காற்று பிடுங்கியது, இரண்டு கையாலும் காம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். நேராக நின்ற வேனில் சிக்னல் அருமையாக வந்தது. பெரியவர் தலையாட்டினார். முதலாளி நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். இப்போது வேனை மெதுவாக வட்டமடிக்கச் சொன்னோம். கொஞ்சம் திரும்பியதும் திரையில் சிக்னல் அளவைக் காட்டுகிற எண் இறங்கத் தொடங்கியது. இன்னும் கொஞ்சம் திரும்பியதும் பாதியானது. பிறகு சிக்னலே போய்விட்டது. மறுபடி நேராக்கினால் வருகிறது, திருப்பினால் போகிறது. இரண்டாவது தடவை. மூன்றாவது தடவை. பெரியவர் வாட்சைப் பார்த்தார். முதலாளி என் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில், “என்னங்க மேடம், இது போச்சுன்னா அந்த யூனிட்டுக்கு மறுபடி பூட்டுத்தானுங்க” என்றார். அவர் கெட்டவர் இல்லை. பயந்து போயிருந்தார். அந்த நேரத்தில் ஒரு காற்று வந்து குடையைத் திருப்பிப்போட, ஒரு கம்பி வளைந்தது. அக்கா குனிந்து, பையிலிருந்து பனியன் வேஸ்ட் துணியை எடுத்துப் பல்லால் கிழித்து, வளைந்த இடத்தில் சுற்றிக் கட்டி, மறுபடி நிழல் பிடித்தார். எல்லாம் ஒரு நிமிடத்தில்.

நான் வேனின் பின் ஏணியில் ஏறி உறையை விலக்கினேன். மஞ்சள் ஸ்டிக்கர்கள் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன. இடது போர்டில் இடது ஓரத்தில் ஒன்று. வலது போர்டில் வலது ஓரத்தில் ஒன்று. இரண்டு எட்டும் நடுவில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. டி-ஷர்ட்டின் இரண்டு கைகள். அணிவகுப்பில் பாதி வரிசை இடப்பக்கமும் பாதி வலப்பக்கமும் திரும்பினால் என்ன ஆகும், அதுதான் நடந்துகொண்டிருந்தது. அடுத்த நொடி கோயம்புத்தூர்க் கடையும் அந்த போனும் என் சொற்களும் வரிசையாக ஞாபகம் வந்தன. ஏணியில் நின்றபடியே எனக்கு முழு விஷயமும் தெரிந்துவிட்டது. இறங்கினேன். கீழே முதலாளி நின்றார், பெரியவர் நின்றார், குடையோடு அக்கா நின்றார்.

“யாருங்க மேடம் தப்புப் பண்ணுனது?” என்று முதலாளி கேட்டார்.

பெங்களூரில் நான் வேலை பார்த்த காலத்தில் என்னைச் சின்னத் தவறுக்குப் பத்துப் பேர் முன்னால் மேலதிகாரி ஒருவர் நிற்க வைத்துத் திட்டியிருக்கிறார். அந்தப் பயமோ, இந்தப் பெரியவர் முன்னால் நான் கெட்டிக்காரியாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையோ, இல்லை பிறவிக் கோழைத்தனமோ, எது என்று இரண்டு வருடமாக யோசித்தும் எனக்குத் தெரியவில்லை. “அசெம்பிளில நம்பர மாத்தி ஒட்டிட்டாங்க. நான் சாஃப்ட்வேர்ல சரி பண்ணிடறேன்” என்றேன். அசெம்பிளி என்றுதான் சொன்னேன், அக்கா என்று சொல்லவில்லை என்று ரொம்ப நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அங்கே நின்ற அசெம்பிளி ஒருவர்தானே.

லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். வலது போர்டின் வரிசையை மட்டும் தலைகீழாக்க வேண்டும். தப்புத் தப்பாக அடித்து, அழித்து, அதற்கு அரைமணிக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரமும் என் திரை மேல் நிழல் இருந்தது. குடையைப் பிடித்திருந்தவரை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. வேன் வட்டமடித்தது. எண் அப்படியே நின்றது. இன்னொரு வட்டம், மேடு ஏறி இறங்கி, பிரேக் அடித்து, எண் அசையவே இல்லை. பெரியவர் முதன்முதலாகச் சிரித்து, நின்ற இடத்திலேயே இவ்வளவு பெரிய கோளாற்றைப் பிடித்துச் சரிபண்ணியதற்காக என் கையைக் குலுக்கினார். முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு அக்கா பக்கம் திரும்பினார். “திங்கக்கிழமையில இருந்து பழைய யூனிட்டுல செக்கிங்குக்குப் போயிருங்க. இந்த வேல உங்களுக்குச் சரிப்படாதுங்க.” பழைய யூனிட் என்றால் நிட்டிங்கும் கட்டிங்கும் ஒரே கூரைக்கு அடியில், பஞ்சு மழை பெய்கிற இடம். அக்கா ஒரு தடவை என்னைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. பஸ் வருமா என்று பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. நான் குனிந்து லேப்டாப் வயரைச் சுருட்டினேன். “சரிங்க” என்றார். திரும்பும்போது வேனில் ஏறிப்போனார். என் சாமான்களோடு அவர் குடையும் என் காரில் வந்துவிட்டது.

திங்கட்கிழமை முதலாளியிடம் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். திங்கட்கிழமை ஆர்டர் உறுதியாகி, யூனிட்டில் லட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா மேல் முதலாளிக்கு இருக்கிற கோபம் ஆறட்டும், அடுத்த வாரம் சொல்லலாம். அடுத்த வாரம் என்னை டெக்னிக்கல் ஹெட் ஆக்கினார்கள். ஆன உடனே போய் எப்படிச் சொல்வது? சொல்லிக்கலாம், சொல்லிக்கலாம் என்றே நாள் ஓடியது. இதில் இன்னொரு கூத்து. சாஃப்ட்வேரை அக்காவின் ஸ்டிக்கருக்கு ஏற்ற மாதிரி மாற்றிவிட்டேன் அல்லவா, அதனால் அடுத்து வருகிற ஒவ்வொரு ஆன்டெனாவும் அவர் ஒட்டிய மாதிரியே வந்தால்தான் வேலை செய்யும். புதிதாக வந்த பெண் என் பழைய படத்தைப் பார்த்து ஒரே மாதிரி செய்த மூன்று செட்டும் பல்லை இளித்தன. படத்தைத் திருத்தினேன். இரண்டு போர்டையும் எதிர் எதிராக வரைந்து, வெளியிலிருந்து உள்ளே நம்பர் போட்டு, கீழே கையெழுத்தும் போட்டேன். தப்பு என்று சொல்லி அக்காவை அனுப்பினோம், அந்தத் தப்பு என் கையெழுத்தோடு சரி ஆகிவிட்டது. இன்றைக்கு மலைப்பக்கம் ஓடுகிற ஒவ்வொரு வேனின் கூரையிலும் இருப்பது அக்கா ஒட்டிய வரிசைதான்.

போன மாசம் டிபன் நேரத்தில் லைனில் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. அக்கா வேலையை விட்டு நின்றுவிட்டாராம். மூச்சுத் திணறி இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களாம். அடுத்த ஞாயிறு குடையோடு அவிநாசிபாளையம் போனேன். ரோட்டை விட்டு உள்ளே, வேப்பமரம் நிற்கிற ஓட்டு வீடு. கூரைமேல் டிவி டிஷ், காற்றுக்கு ஆடாமல் பனியன் துணியால் கட்டியிருந்தது. அக்கா வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பாதியாகிவிட்டார். முறத்துக்குப் பக்கத்திலேயே அந்த நீல இன்ஹேலர். “வாங்க அம்மணி, வாங்க, ஊட்டுக்குள்ள வாங்க” என்று எழுந்தார். லைனில் ஒருநாளும் அவர் என்னை அம்மணி என்று கூப்பிட்டதில்லை, மேடம்தான். மோர் கொடுத்தார். நான் மனசில் வைத்திருந்ததை எல்லாம் கொட்டினேன். தப்பு என்னுடையது, போனில் அப்படியே ஒட்டுங்கள் என்று சொன்னது நான், அங்கே நின்று பொய் சொன்னது நான். அழுதுகொண்டேதான் சொன்னேன். அவர் கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

“தெரியுமுங்க அம்மணி” என்றார். “போன்ல கேட்டது நாந்தானுங்களே. நீங்க மறந்துட்டீங்களோன்னு மொதல்ல நெனச்சேன். ஏணியில இருந்து எறங்கறப்ப உங்க மொகத்தப் பாத்தேன். மறக்கலீன்னு தெரிஞ்சுது. இப்பச் சொல்லுவீங்க, இப்பச் சொல்லுவீங்கன்னு கொடையப் புடிச்சுட்டே நின்னேனுங்க.” பேசியதற்கே மூச்சு வாங்கியது. இன்ஹேலரை எடுத்து இரண்டு தடவை இழுத்தார். பிறகு சொன்னார்: “எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆகுது? எனக்குத்தான் தெரியுமே. அன்னைக்கு நின்னாங்களே, அவங்ககிட்டச் சொல்லோணும்.” நான் குடையை நீட்டினேன். வாங்கவில்லை. “அது இருக்கட்டுங்க. சொல்லிப்போட்டுக் கொண்டாங்க.” போய்ட்டு வாங்க அம்மணி என்று வாசல் வரை வந்து அனுப்பினார்.

நேற்று அதே பொட்டலில் புது மாடலுக்குச் சோதனை. அதே ஆடிக் காற்று. அதே முதலாளி, அதே பெரியவர், கூட அவருடைய புது உதவியாளர். லேப்டாப்பில் உட்கார்ந்தது ஒடிசாவிலிருந்து வந்த எங்கள் லைன் பெண். இப்போது இந்த வேலையை அவளே பார்க்கிறாள். வெயில் திரையில் அடித்து அவள் கண்ணைச் சுருக்கினாள். நான் டிக்கியைத் திறந்து குடையை எடுத்து விரித்து அவளுக்கு நிழல் பிடித்தேன். கொண்டுபோகும்போதே முடிவு செய்துவிட்டேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். குடை கையில் இருந்தும் வாய் திறக்கவில்லை. வேன் வட்டமடித்தது, எண் நின்றது, எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. எதற்கு இப்போது என்று வழக்கமான புத்தி உள்ளே முனகியது. அப்போது பெரியவர் தன் உதவியாளருக்குக் கதை சொல்ல ஆரம்பித்தார். இரண்டு வருடம் முன்னால் இதே இடத்தில், நம்பரே படிக்கத் தெரியாத ஒரு தொழிலாளி எல்லாவற்றையும் தலைகீழாக ஒட்டிவிட, மேடம் நின்ற இடத்திலேயே கண்டுபிடித்துக் காப்பாற்றிய கதை. அந்தக் கதை எத்தனை ஊரில் சொல்லப்பட்டு எத்தனை பேர் சிரித்தார்களோ. முதலாளியும் சிரித்தார்.

“அந்தக்கா சரியாத்தான் ஒட்டுனாங்க” என்றேன். காற்றில் யாருக்கும் கேட்கவில்லை. கத்திச் சொன்னேன். “அவங்க போன் பண்ணி என்னக் கேட்டாங்க. அப்படித்தான் ஒட்டணும்னு நான்தான் சொன்னேன். தப்பு என்னோடது. அன்னைக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அவங்க மேல போட்டேன்.” சொல்லி முடிப்பதற்குள் ஒரு காற்று குடையைப் பிடுங்கியது. விடவில்லை, இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தேன். ஒரு கம்பி மடிந்தது. பெரியவர் எங்கோ காற்றாலைகளைப் பார்த்தார். ஒடிசாப் பெண் திரையை விட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். முதலாளியின் முகம் சிவந்தது. “ரெண்டு வருசமாங்க மேடம்?” என்றார். சோதனை முடிய இன்னும் அரைமணி ஆனது. குடையைக் கீழே வைக்கவில்லை. தோளிலிருந்து விரல் வரை வலி பின்னியெடுத்தது. அக்கா இதைவிட அதிக நேரம் பிடித்தார், நெஞ்சில் அந்த மூச்சை வைத்துக்கொண்டு, என் வாயைப் பார்த்துக்கொண்டு. கிளம்பும்போது முதலாளி கார்க் கதவைத் திறந்தபடி கேட்டார், “அந்தம்மா ஊடு எங்கீங்க?” சொன்னேன். போவாரா, கூப்பிடுவாரா, கூப்பிட்டால் அக்கா வருவாரா, வந்தாலும் அந்த மாடிப்படியை ஏற முடியுமா, எதுவும் எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை எனக்கு வேலை இருக்குமா என்பதும் தெரியாது.

நாளைக்குக் குடையைக் கொடுக்கும்போது என்ன பேசுவது என்று காலையிலிருந்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். புதிதாக மடிந்த கம்பிக்குக் கட்டுப் போட்டுவிடலாம் என்று பழைய பனியன் ஒன்றைக் கிழித்தும் வைத்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அது அப்படியே இருக்கட்டும். விரித்துப் பார்ப்பார். தான் கட்டிய கம்பிக்கு அடுத்த கம்பி மடிந்திருப்பதைப் பார்த்தால், எந்த இடத்தில், எந்தக் காற்றில், யார் முன்னால் விரித்தேன் என்று நான் சொல்லாமலே அவருக்குத் தெரிந்துவிடும்.